ஆறு வெள்ளைத் தட்டுகள்

பிப்ரவரி 27, செவ்வாய்

குட்டிக்கு நாலாவது பல் எட்டிப் பார்க்கிறது. காப்பகத்து ஆயாவின் விரலைக் கடித்துவிட்டாளாம். "இது பல்லு இல்லம்மா, குண்டூசி" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். மன்னிப்புக் கேட்டேன். நான் எதற்குத்தான் மன்னிப்புக் கேட்காமல் இருக்கிறேன்?

"ஆமா, நீங்க ஆஸ்பத்திரியில என்ன வேலைம்மா பாக்குறீங்க? நர்ஸா?"

இல்லை, மூன்றாம் மாடியில் ஆராய்ச்சிக்கூடம் என்றேன். புரியவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள சின்னச் சின்னத் தீவு மாதிரி செல் கொத்துங்க. அந்தத் தீவுல பீட்டா செல்னு ஒரு வகை இருக்கு, அதுதான் இன்சுலின் சுரக்கும். சில பிள்ளைங்களுக்கு உடம்பே அதை எதிரின்னு நினைச்சு அழிச்சுடும். அப்புறம் ஆயுசுக்கும் ஊசிதான். அந்தச் செல்லைக் காப்பாத்த மருந்து கண்டுபிடிக்கறாங்க எங்க மேடம். தீவுங்களைத் தட்டுல வெச்சு உயிரோட பாத்துக்கறது என் வேலை.

ஆயா குட்டியை என் கையில் கொடுத்தார். "அப்ப நீங்களும் என் சாதிதான். யாரோ பெத்ததைப் பாத்துக்கறோம்."

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பேருந்தில் ஒருவர் முறைத்தார்.

நேற்று மூன்றாவது கணையம் வந்தது. ஐஸ் பெட்டிமேல் ஒட்டிய காகிதத்தில் இவ்வளவுதான்: பெண், வயது 34. என்னைவிட நாலு வயது பெரியவள். மேடம் பெட்டியைத் திறக்கும் முன் எப்போதும் ஒரு நிமிடம் கைகட்டி நிற்பார். நாங்களும் பேச மாட்டோம். இறந்தவரின் கணையத்தைத் தானமாகக் கொடுத்த குடும்பம் யாரென்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

இன்று முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து தீவுகளைப் பொறுக்கினோம். உப்புத்தூளைவிடச் சிறியவை. பன்னிரண்டு தட்டு, எல்லாம் உடம்புச் சூட்டில் வைத்த இன்குபேட்டர் அலமாரிக்குள். உடம்பு தாக்குவதுபோல எல்லாத் தட்டிலும் ஒரே அளவு நச்சு. ஆறுக்கு நீல டேப், ஆறுக்கு வெள்ளை டேப். ஒரு நிறத்துக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் கரைசல். எது எதற்கு என்பது மேடத்தின் இழுப்பறையில், ஒட்டி மூடிய உறைக்குள்; ஒவ்வொரு கணையத்துக்கும் நிறம் மாறும், புது உறை. நமக்குத் தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பார்.

ஞாயிறு தவிர தினமும் மீடியம் மாற்ற வேண்டும். மீடியம்தான் அவற்றுக்குச் சோறும் தண்ணீரும். அண்ணன் இன்றும் சொன்னார்: "இதுங்க மாப்பிள்ளை வீட்டாரு மாதிரிம்மா. உபசரிப்பு ஒரு நாள் குறைஞ்சாலும் மூஞ்சி கோணிக்கும்." அண்ணன் இந்தக் கூடத்தின் மூத்த டெக்னீஷியன். முப்பது வருஷம். மேடமே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அடுத்த வருஷம் ஓய்வு.

இந்த வாரச் சனிக்கிழமை முறை என்னுடையது.

மார்ச் 2, சனி

குட்டிக்குக் காய்ச்சல் நூற்று மூன்று ஏறி இப்போது நூறு. தூங்குகிறாள். மூச்சை எண்ணுகிறேன். எண்ணாமல் இருக்க முடிவதில்லை. பிறந்ததும் பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களே, அப்போது பிடித்த வியாதி இது எனக்கு.

கூடத்தில் இன்று நான் மட்டும். நீலம் ஆறும் முடித்தபோது மணி பதினொன்று இருக்கும். ஆயா போன். "உடம்பு அனலா கொதிக்குதும்மா, கண்ணு ஒரு மாதிரி செருகுது." கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இன்குபேட்டர் கதவை மூடியது நினைவிருக்கிறது. படியில் ஓடியது நினைவிருக்கிறது. என் கணவருக்குச் சனிக்கிழமை வேலை நாள், மின்நிலையத்தில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் ஓடினேன்.

வெள்ளை ஆறு அப்படியே இருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். அண்ணனுக்குப் போன் செய்யலாம். போன மாதம்தான் இரண்டு தடவை எனக்காக அவர் வந்தார். மூன்றாவது தடவை எந்த வாயால் கேட்பது? மேடத்துக்கு — வேண்டாம்.

இத்தனைக்கும் நான்கு முறை போனைக் கையில் எடுத்தேன்.

மார்ச் 4, திங்கள்

ஏழு மணிக்கே போய்விட்டேன். மீடியம் புதிதாக இருந்தால் ரோஜாச் சிவப்பு. செல்கள் தின்று கழித்துப் புளிக்கப் புளிக்க மஞ்சளாகும். வெள்ளை ஆறும் மஞ்சள். நீலம் ஆறும் சிவப்புதான், லேசாக வெளுத்திருந்தது. மாற்றினேன். 

இன்குபேட்டர் கதவில் தொங்கும் தாளைப் பார்த்தேன். சனிக்கிழமைக் கட்டத்தில்: "12 தட்டு மாற்றியது", என் கையெழுத்து. கையுறை மாட்டிய பிறகு பேனாவைத் தொடக் கூடாது. அதனால் நான் முதலிலேயே எழுதிவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குவேன். எல்லாரும் செய்வதுதான். இல்லை — எல்லாரும் இல்லை. அண்ணன் ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றிவிட்டு எழுதுவார்.

தாளின் தலையில் அச்சடித்திருக்கிறது: செய்ததை மட்டும் எழுதவும். தவறை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு, தேதி, கையெழுத்து.

பேனாவை எடுத்தேன். மூடியும் திறந்தேன். அப்போது அண்ணன் உள்ளே வந்தார்.

"என்னம்மா கண்ணு ரெண்டும் இப்படி வீங்கியிருக்கு?"

"குட்டிக்குக் காய்ச்சல்ண்ணே. சனிக்கிழமையில இருந்து."

"அடப்பாவமே. அப்பவும் சனிக்கிழமை வந்து முடிச்சுட்டியா! கெட்டிக்காரி."

தலையாட்டினேன்.

வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தலைதான் ஆடியது. அது என் தலைதானே?

மார்ச் 12, செவ்வாய்

சோதனை சாதாரணமானது. தீவுகளுக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுப்போம், பிறகு நிறைய. பீட்டா செல் நன்றாக இருந்தால் நிறையச் சர்க்கரையைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டும். நலிந்திருந்தால் சொட்டும். அதை அளப்போம்.

நீலம் கொட்டியது. வெள்ளை சொட்டியது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். முதல் இரண்டு கணையங்களில் ஒரு நிறம் ஏதோ கொஞ்சம் மேலே இருந்தது, தற்செயல் என்று தள்ளிவிடும் அளவுக்குத்தான். இது அப்படியில்லை.

மேடம் உறையைக் கிழித்தார். நீலம்தான் மருந்து.

 மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி துடைத்தார். "பதினோரு வருஷம் அண்ணே" என்றார், அண்ணனைப் பார்த்து. கீழே வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சர்க்கரையைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வருகிறவர், தன் தேநீரிலும் போட மாட்டார். இன்று மூன்று கரண்டி போட்டார். அண்ணன், "கீழ யாராவது பாத்தா ஆஸ்பத்திரியை இழுத்து மூடிடுவாங்க மேடம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்.

போகும்போது மேடம் என் தோளைத் தட்டி, "உன் கைராசி" என்றார்.

குளியலறையில் போய் அந்தக் கையை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, புதன்

வெள்ளைத் தட்டுகள் என்னால்தான் செத்தன என்று யார் சொன்னது? மருந்து இல்லாததாலும் செத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இருக்கலாம் இல்லையா? எத்தனை பங்கு நான், எத்தனை பங்கு மருந்து? யாருக்கும் தெரியாது. தெரியாதபடி செய்தது யார்?

மார்ச் 19, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைகளில் கீழே போய் ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொண்ட பிள்ளைகளிடம் இரத்தம் எடுத்து வருவேன். இன்று ஒரு ஒன்பது வயதுப் பெண். மூன்று மாதம்தான் ஆகிறது நோய் தெரிந்து. நான் ஊசியை எடுத்ததும், "ஆன்ட்டி, பயப்படாதீங்க. நான் ஒரு நாளைக்கு நாலு போட்டுக்கறேன். இதுல நான் உங்களைவிட சீனியர்" என்றாள். அவள் அம்மா பக்கத்தில் நின்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், மருந்து கண்டுபிடிச்சாச்சாமே? நர்ஸ் சொன்னாங்க. இவளுக்கு இன்னும் கொஞ்சம் பீட்டா செல் மிச்சம் இருக்காம். அது போறதுக்குள்ள கிடைச்சுடுமா?"

"இன்னும் சோதனையிலதான் இருக்கு."

"ஆனா வேலை செய்யுது இல்ல?"

டியூபில் பெயர் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு ஆஸ்பத்திரிக் குழுவுக்கு மேடம் விண்ணப்பம் எழுதுகிறார். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கதவைத் தட்டினேன். மாடிப்படியிலேயே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வா வா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்க பாரு." கணினியைத் திருப்பிக் காட்டினார். கட்டுரையின் முகப்பு. மேடத்தின் பெயர், அண்ணன் பெயர், மூன்றாவதாக என் பெயர். "குழந்தையை வெச்சுக்கிட்டு நீ படற பாடு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நானும் ரெண்டு பெத்தவதான். சரி, நீ எதுக்கு வந்தே?"

"ஒண்ணுமில்ல மேடம். டேப் தீந்துபோச்சு."

டேப் தீர்ந்துபோச்சாம். ச்சீ.

ஏப்ரல் 18, வியாழன்

நாலாவது கணையம் முழுக்க அண்ணன் பார்த்தது. இன்று முடிவு. நீலமும் வெள்ளையும் ஒன்று. நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை.

மேடம் நெடுநேரம் எண்களையே பார்த்தார். பிறகு, திட்டவில்லை, மிக மெதுவாகத்தான் கேட்டார்: "அண்ணே, மீடியம் எல்லாம் சரியா மாத்தினீங்களா?"

அண்ணன் எழுந்து போய்த் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு கட்டம் விடாமல் அவர் கையெழுத்து.

"இல்ல, தாள்ல இருக்கு. நான் கேக்கறது..." மேடம் பாதியில் நிறுத்திக்கொண்டார். "வயசாகுது இல்லையா நமக்கெல்லாம். நாலாவதை விட்டுடலாம். எங்கயோ கை தவறியிருக்கும்."

முப்பது வருஷத்தில் அவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தேன். காது மடல் சிவந்து போயிருந்தது.

நான் அதே அறையில், இரண்டடி தள்ளி, உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

வாயைத் திற. திறடி.

ஏப்ரல் 22, திங்கள்

அண்ணன் புதுக் கண்ணாடி போட்டு வந்திருக்கிறார். கனமான சட்டம், மூக்கில் நிற்காமல் இறங்குகிறது. சனிக்கிழமை கண் மருத்துவரிடம் போனாராம்.

"பவர் கொஞ்சம்தான் மாறியிருக்குன்னாரு. ஆனா கொஞ்சம்தானே எல்லாத்தையும் கெடுக்குது" என்றார். என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். "பாரும்மா, நடுங்குதா?"

நடுங்கவில்லை. என் கண்ணுக்கு நடுங்கவே இல்லை.

"இல்லண்ணே."

"எனக்கு நடுங்கற மாதிரி இருக்கு. இனிமே தட்டு வேலையை நீயே பாத்துக்கோ. நான் பாட்டில் கழுவறேன். உன் கை சுத்தமான கை."

சுத்தமான கை என்று சொன்னார். அவர் வாயால்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சீனியர் வந்திருந்தாள். அதாவது அந்த ஒன்பது வயதுக்காரி. இன்று ஊசி குத்தும்போது எனக்கு மார்க் போட்டாள். பத்துக்கு ஆறு.

அவள் அம்மா மகிழ்ச்சியாக இருந்தார்.  வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு மருந்தை வைத்து ஆராய்ச்சி தொடங்குகிறார்களாம், இவளைச் சேர்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஒன்றில் சேர்ந்தால் இன்னொன்றில் சேர முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கோம் சிஸ்டர். நம்ம டாக்டர் மருந்துக்கே காத்திருக்கலாம்னு இவங்கப்பாவும் சொல்லிட்டாரு. கண்ணால பாத்த டாக்டரு, நம்பிக்கை இருக்கு."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"அவங்க ரெண்டு பக்கமும் பேச மாட்டேங்கறாங்க. நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்கங்கறாங்க. அவங்க நேர்மை அப்படி. நீங்க சொல்லுங்க, நீங்கதானே அந்தச் செல்லையெல்லாம் பாத்துக்கறது? மூணு மடங்காமே?"

அந்த மூன்று மடங்கு என் பொய்யம்மா. அதை நம்பியா உங்க பெண்ணை... என்று மனசுக்குள் ஓடியது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். தெரியாது என்றேன். விசித்திரமாகப் பார்த்தார்.

ஏப்ரல் 24, புதன்

வீட்டில் அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாக இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனிதர். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபடியே கேட்டார்.

"அவ்வளவுதானா? ஆறு தட்டுதானே? நான்கூட வேற என்னவோன்னு பயந்துட்டேன்."

கத்திவிட்டேன். ஆறு தட்டுதானாங்க? ஒருத்தி செத்துப்போய்க் கொடுத்தது. முப்பத்தி நாலு வயசு. அவ வீட்டுல அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க, நான் சிரிச்சுக்கிட்டே பொய்க் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் தன் கண்ணையே சந்தேகப்படறாரு. அந்தப் பிள்ளை... என்று தொடங்கி அழுதுவிட்டேன். குட்டி என் அழுகையைப் பார்த்து அவளும் அழுதாள். அவர் இரண்டு பேரையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

பிறகு உட்கார்ந்தார். "எங்க நிலையத்துல ஒரு சுவிட்சை அணைக்காம அணைச்சேன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? லைன்ல ஏறினவன் கீழ வர மாட்டான். எங்களுக்கு அது அன்னிக்கே தெரிஞ்சுடும். உங்க வேலையில தெரிய ஆறு மாசம் ஆகுது, அவ்வளவுதான் வித்தியாசம்." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு நான் லீவு போடறேன். குட்டியை நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா" என்றார்.

வேலை போய்விட்டால்?

"போனா போகட்டும்" என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லாததே நல்லது. பொய் இன்னொன்று வேண்டாம்.

ஏப்ரல் 25, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தயார் செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "மார்ச் ரெண்டாம் தேதி நான் ஆறு தட்டுதான் மாத்தினேன் மேடம். தாள்ல பன்னிரண்டுன்னு இருக்கு" என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை அவர்.

"எந்த ஆறு?"

"நீலம் மாத்தினேன். வெள்ளை மாத்தலை."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. "வெள்ளி சாயந்திரத்துல இருந்தா?"

"அஞ்சு மணியில இருந்து. திங்கக்கிழமை காலையில ஏழு வரைக்கும்."

"அறுபத்திரண்டு மணி நேரம்." கண்ணைத் திறந்தார். "நீ மருந்தைச் சோதிக்கலைம்மா. பட்டினியைச் சோதிச்சிருக்கே."

குட்டிக்குக் காய்ச்சல் என்றேன். சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

"ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே? எனக்கு மீடியம் மாத்தத் தெரியாதா?" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு என்னைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி, "அண்ணனை நான் கேட்டுட்டேனே. இனி அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார்.

அப்போதுதான் சீனியரின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நாளை வெள்ளி. மேடம் சட்டென்று போனை எடுத்தார். எண் அவருக்கு மனப்பாடம். நான் வெளியே போகலாமா என்று கையால் கேட்டேன். இரு என்று கையால் சொன்னார்.

"நான் டாக்டர் பேசறேன். நீங்க அந்த ஆராய்ச்சிக்குச் சரின்னு சொல்லுங்க... ஆமா, இன்னிக்கே... இல்ல, எங்க முடிவு தப்பு. மறுபடி முதல்ல இருந்து பாக்கணும். ஒரு வருஷம் ஆகலாம், ஒண்ணும் இல்லாமலும் போகலாம். எங்களுக்காகக் காத்திருக்காதீங்க." அந்தப் பக்கம் அம்மா ஏதோ கேட்டார். மேடம் போனை மறு காதுக்கு மாற்றினார். "என் கூடத்துல நடந்தது. என் தப்பு."

என் தப்பு என்றார். என் எதிரில். என்னைப் பார்க்காமல்.

ஓடி ஒளிய இடமில்லாமல் எதிரில் இருந்த நாற்காலியின் முதுகையே பிடித்துக்கொண்டு நின்றேன். நகக்குறி விழுந்திருக்கும் அதில்.

ஏப்ரல் 26, வெள்ளி

அண்ணனிடம் நானே சொன்னேன். பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்குத் தலையாட்டினியே?"

"ஆமாண்ணே."

குழாயைத் திறந்துகொண்டார்.

பிற்பகலில் மேடம் மார்ச் மாதத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். அண்ணனும் நின்றார். "12 தட்டு மாற்றியது" என்பதன்மேல் ஒற்றைக் கோடு போட்டேன். கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் எழுதினேன்: "நீலம் 6 மாற்றியது. வெள்ளை 6 மாற்றவில்லை. பொய்யாகக்" —

மேடம் விரலை வைத்துத் தடுத்தார். "அது வேண்டாம். நடந்ததை மட்டும் எழுது."

என்னை நானே அடித்துக்கொள்ளக்கூட விடவில்லை. "பொய்யாக" என்பதன்மேலும் ஒரு கோடு. அதுவும் அங்கேயே இருக்கும், எத்தனை வருஷம் கழித்து யார் திறந்து பார்த்தாலும்.

கட்டுரை நிறுத்தப்பட்டது. விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. காரணத்தை எழுதி ஆஸ்பத்திரிக்கு மேடம் கடிதம் கொடுத்தார், எனக்குப் படித்துக் காட்டிவிட்டு. தட்டு வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலையிலிருந்து இல்லை. அது எனக்குச் சிறிதும் நிம்மதி தரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகும்.

மே 7, செவ்வாய்

பாட்டில்கள், டேப், டியூபில் பெயர். மூன்றாம் மாடியில் எல்லாரும் என்னிடம் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோலப் பேசுகிறார்கள். அண்ணன் பேசுவதே இல்லை. பதினோரு நாள்.

இன்று அவராகவே வந்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டே, "புதுக் கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. தூரத்துல இருக்கறதெல்லாம் பளிச்சுனு தெரியுது" என்றார்.

"நல்லதுண்ணே."

"பக்கத்துல இருந்ததுதான் தெரியாமப்போச்சு."

சொல்லிவிட்டு என் மேசையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். பாதி அவர் தின்றது. அதைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். தின்ன மனசு வரவில்லை, குட்டிக்குக் கொடுக்கவும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

சீனியர் தன் முறைக்கு வந்தாள், சும்மா பரிசோதனைக்கு. அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாளாம். "ஆன்ட்டி, அங்க எனக்குக் குடுக்கறது நிஜ மருந்தா வெறும் தண்ணியான்னு எனக்கே தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. ஒரே சஸ்பென்ஸ்!" என்றாள்.

அவள் அம்மா எனக்கு ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார். கையைப் பிடிக்கவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று நான் உளறியதை அவரே கூட்டிக் கழித்திருப்பார்.

இன்று மார்க் பத்துக்கு ஏழு.

ஜூன் 13, வியாழன்

ஐந்தாவது கணையம் திங்களன்று வந்தது. ஆண், வயது 51. நிறங்களுக்கு மறுபடி புது உறை. பெட்டியின் முன் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் நான் மூன்றாவதற்கும் சேர்த்துத் தலை குனிந்தேன்.

அண்ணனின் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை, நாளையிலிருந்து மூன்று நாள் லீவு. சனிக்கிழமைக்கு யார் என்று மேடம் கேட்டபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன்தான் சொன்னார்: "அது வரட்டும் மேடம். இனிமே அதைவிட ஜாக்கிரதையான ஆளு எங்க கிடைக்கும்?"

கிண்டலா, நிஜமா? அவர் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

ஜூன் 15, சனி

ஒவ்வொரு தட்டாக மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றி எழுதினேன், புதிது மாட்டினேன். குப்பைத்தொட்டி நிறையக் கையுறை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நீலம் ஆறாவதை முடித்து எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆயா.

"நாலு தடவை வாந்தி எடுத்துட்டாம்மா. பயப்படாதீங்க, ஆனா வாங்க."

தாளுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். உடம்பெல்லாம் அந்தப் பழைய மார்ச் மாதம். வெள்ளைக் கட்டம் காலி. வேகவேகமாக மாற்றிவிட்டு ஓடலாம், அரை மணி நேரம்தான். வேகமாக மாற்றினால் மீடியத்தை உறிஞ்சும் பிப்பெட்டுக்குள் தீவுகளும் போய்விடும். தெரியும் எனக்கு.

எழுதினேன்: "வெள்ளை 6 மாற்றவில்லை. மகளுக்கு வாந்தி. போகிறேன். 11.40." கையெழுத்து.

படியில் இறங்கிக்கொண்டே மேடத்துக்குப் போன் செய்தேன். எண்ணை அழுத்தும்போது விரல் கூசியது. மறுபடியும் நான், மறுபடியும் குழந்தை, மறுபடியும் அதே ஆறு. சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"இன்குபேட்டர் கதவைச் சரியா மூடினியா?"

"மூடினேன் மேடம்."

"சரி, போ."

ஜூன் 17, திங்கள்

குட்டிக்குச் சரியாகிவிட்டது. காலையில் ஆப்பிள் துண்டோடு என் விரலையும் சேர்த்துக் கடித்தாள்.

ஏழு மணிக்கு மேலே போனேன். யாரும் வரவில்லை. தாளில் என் வரிக்குக் கீழே, மருந்துச் சீட்டில் கிறுக்கும் அதே கோணல் எழுத்தில்: "வெள்ளை 6 மாற்றியது. 12.35." மேடத்தின் கையெழுத்து. வேறு ஒரு வார்த்தை இல்லை. குப்பைத்தொட்டியில் என் கையுறைகளின்மேல் இன்னும் ஆறு ஜோடி கிடந்தது.

கதவைத் திறந்தேன். பன்னிரண்டு தட்டும் ஒரே சிவப்பு. எதில் மருந்து இருக்கிறது என்று தெரியவில்லை.